முகம் இருண்டது ஏன்? கேம்கார்டர் கேள்வி – பதில்

கேள்வி: என் பாட்டியை ஜன்னலருகே உட்காரவைத்து, அவர் சொன்ன பழைய கதைகளைக் கேம்கார்டரில் பதிவு செய்தேன். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் இலை இலையாகத் தெரிகிறது. பாட்டியின் முகமோ கரியால் வரைந்தது போல இருண்டு கிடக்கிறது. எல்லாவற்றையும் தானியங்கி முறையில்தான் வைத்திருந்தேன். கேமராவில் ஏதேனும் கோளாறா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. தானியங்கி எக்ஸ்போஷர், படத்துக்குள் விழும் வெளிச்சம் முழுவதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறமாக அமையும்படி ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. பாட்டி எது, ஜன்னல் எது என்ற பாகுபாடு அந்தக் கணக்கில் இல்லை. படத்தின் பெரும்பகுதியைப் பகல் வெளிச்சம் நிறைந்த ஜன்னல் பிடித்துக்கொண்டதால், அந்தப் பிரகாசத்தை அடக்குவதற்காகக் கேமரா ஒளியைக் குறைத்தது. ஏற்கெனவே நிழலில் இருந்த முகம் அதோடு சேர்ந்து இருண்டது. வெள்ளை உடை அணிந்தவர் வெள்ளைச் சுவரின் முன் நிற்கும்போது உடையும் சுவரும் அழுக்கேறியவை போலத் தெரிவதற்கும் இதே கணக்குதான் காரணம்.

அவசரத்துக்குப் பெரும்பாலான கேம்கார்டர்களில் இருக்கும் பேக்லைட் பொத்தானை அழுத்தலாம். அது ஒளியை ஓர் அளவுக்குக் கூட்டித் தரும். அந்த அளவு உங்கள் காட்சிக்குப் பொருந்துமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நிதானமாக எடுக்கும் பேட்டிக்கு மேனுவல் எக்ஸ்போஷரே சிறந்தது. பாட்டியின் முகம் மட்டுமே படத்தை நிறைக்கும் அளவுக்குக் கேமராவை அருகே கொண்டுசெல்லுங்கள்; முகம் தெளிவாகத் தெரிந்ததும் எக்ஸ்போஷரைத் தானியங்கியிலிருந்து மேனுவலுக்கு மாற்றுங்கள். பல கேமராக்களில் அந்த நொடியில் இருந்த அளவு அப்படியே நின்றுவிடும். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி வந்து பதிவைத் தொடங்கலாம். அப்போது ஜன்னல் வெளுத்துப்போய் மரம் மறைந்துவிடும். பாட்டிக்காக மரத்தை விட்டுக்கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டும் வேண்டுமென்றால் நாற்காலியைச் சற்றுத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தில் விழும்படி செய்துபாருங்கள். எந்தப் பொத்தானும் அந்தத் திருப்பத்துக்கு ஈடாகாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மெனுவில் உள்ள எல்.சி.டி. திரையின் பிரகாச அளவுக்கும் பதிவாகும் படத்துக்கும் தொடர்பே கிடையாது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை என்று நான் ஒருமுறை அந்தப் பிரகாசத்தை முழுவதுமாகக் கூட்டிவிட்டு, மறுநாள் அதே திரையை நம்பி எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு மாலை முழுவதும் இருட்டில் நடந்திருந்தது. திரையின் பிரகாசத்தை நடு அளவில் வைத்த பிறகே மேனுவலில் கை வையுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால், வெயிலில் அதன் வழியே பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் கேம்கார்டரில் ஐரிஸ், ஷட்டர், கெயின் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்ற முடிகிறது. எதை முதலில் தொடுவது?

பதில்: ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, முதலில் ஒரே அளவில் நிலைநிறுத்துங்கள், லென்ஸின் துவாரமான ஐரிஸை அதன் பின் சரிசெய்யுங்கள், கெயினை வேறு வழியே இல்லாதபோது மட்டும் தொடுங்கள்.

நொடிக்கு 25 ஃபிரேம் (தனிப்படம்) பதிவாகும் கேமராவில் ஷட்டர் 1/50 நொடியில் இருந்தால் அசைவுகள் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். 1/500-க்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக இருக்கும், ஆனால் ஓடுகிறவர் வெட்டி வெட்டி ஓடுவது போலத் தோன்றும். மின்விளக்கின் கீழ் இன்னொரு காரணமும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய வகை டியூப்லைட் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. 1/50, 1/100 ஆகிய வேகங்களில் ஒவ்வொரு ஃபிரேமும் அந்த ஏற்றஇறக்கத்தை முழுச் சுற்றுகளாகவே வாங்கிக்கொள்வதால் படம் நிலையாக இருக்கிறது. வேறு வேகங்களில் படம் துடிக்கக்கூடும். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக உள்ள நாடுகளில் அதே காரணத்துக்காக 1/60 வைப்பார்கள்.

ஷட்டர் வேகத்தை நிலைநிறுத்திவிட்டால் வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஐரிஸ்தான் கருவி. எண் சிறிதானால் துவாரம் பெரிது: எஃப் 2.8-லிருந்து எஃப் 4-க்குப் போனால் உள்ளே வரும் ஒளி பாதியாகும். கொளுத்தும் வெயிலில் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கிவிடாதீர்கள். கேம்கார்டரின் சென்சார் சிறியதாக இருப்பதால், அவ்வளவு சிறிய துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைந்து படம் மொத்தமும் மழுங்கிப்போகும். கேமராவிலேயே என்.டி. ஃபில்டர் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் லென்ஸின் முன் மாட்டிக்கொள்ளலாம். ஒளியை மட்டும் குறைக்கும் அந்தச் சாம்பல் கண்ணாடி நிறத்தை மாற்றாது.

கெயின் உள்ளே வரும் ஒளியைக் கூட்டுவதில்லை. வந்துவிட்ட மின்சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டுகிறது. 6 டெசிபெல் கூட்டினால் சமிக்ஞை இரு மடங்காகும், அதனோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். இருண்ட மூலைகளில் எறும்பு ஊர்வது போல அலையும் புள்ளிகள் அந்த இரைச்சல்தான். ஒரே ஓர் எக்ஸ்போஷர் பட்டை மட்டும் உள்ள சிறிய கேமராக்களில், அந்தப் பட்டையை மேலே தள்ளத் தள்ள முதலில் ஐரிஸ் திறந்து, அது முழுமையாகத் திறந்தபின் கெயின் நுழைவது வழக்கம். எந்த இடத்தில் புள்ளிகள் அலையத் தொடங்குகின்றன என்பதை வீட்டில் ஒரு மாலை நேரத்தில் பார்த்து வைத்துக்கொண்டால், விழாக் கூட்டத்தில் தேட வேண்டியிருக்காது.

கேள்வி: மேடை நடனத்தைப் பதிவு செய்தால் ஆடுகிறவர்களின் முகம் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது.

பதில்: உங்களுடையது முதல் கேள்வியின் தலைகீழ் வடிவம். இருண்ட மேடையைப் பார்த்துக் கேமரா ஒளியைக் கூட்டுகிறது, விளக்கு விழும் முகம் வெந்துபோகிறது. விளக்கு விழும் முகம் வெளுக்காமல் காக்கும் ஸ்பாட்லைட் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் மேனுவலில் முகத்துக்குச் சரிசெய்து நிறுத்துங்கள். விளக்கு மாறும்போதெல்லாம் படம் பொங்கி அடங்குவதும் அதோடு நின்றுவிடும். ஜீப்ரா கோடுகள் (குறித்த பிரகாச அளவை எட்டிய இடங்களில் திரையில் மட்டும் தோன்றும் சாய்வரிகள்) உள்ள கேமராவில் 100 சதவீத அளவை வைத்துக்கொண்டு, முகத்தில் கோடு விழாதபடி பாருங்கள். 70 சதவீத அளவில் முகத்தின் மிகப் பிரகாசமான பகுதியில் கோடு விழ வேண்டும் என்ற அறிவுரை வெளிர்நிறத் தோலுக்கு உரியது. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் அப்படியே பின்பற்றினால் முகம் வெளுத்துவிடும்.

கேள்வி: மேனுவலில் வைத்த பிறகும், ஜூம் செய்து உள்ளே போனால் படம் இருண்டுவிடுகிறதே?

பதில்: லென்ஸின் முன்புறம் எழுதியிருப்பதைப் பாருங்கள். அங்கே ஐரிஸ் முழுவதும் திறந்திருக்கும்போது உள்ள எஃப் எண் 1.8 முதல் 3.6 வரை என்று பொறித்திருந்தால், விரிந்த கோணத்தில் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் ஜூமின் கடைசி முனையில் கிடைக்கும். ஐரிஸை முழுவதுமாகத் திறந்து வைத்திருந்தால் இந்த இழப்பைத் தடுக்க முடியாது. ஜூமை முனைவரை கொண்டுபோய் அங்கே எக்ஸ்போஷரைச் சரிசெய்துவிட்டுப் பின்வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் குழந்தை முதன்முதலாக நடந்ததை, அழகாக இருக்கும் என்று நினைத்து, பழைய புகைப்படம் போலப் பழுப்பாக்கும் செபியா எஃபெக்டில் பதிவு செய்துவிட்டோம். நிறத்தை மீட்க முடியுமா?

பதில்: வருத்தத்துடன் சொல்கிறேன், முடியாது. பதிவின்போது போடும் எஃபெக்ட் படத்தின் மேல் ஒட்டிய தாள் அல்ல. நிறத் தகவலைக் களைந்த பிறகுதான் படமே எழுதப்படுகிறது. நிறங்களைத் தலைகீழாக்கும் நெகட்டிவ் எஃபெக்ட் மட்டும் விதிவிலக்கு: எடிட்டிங்கில் மறுபடி தலைகீழாக்கினால் ஏறக்குறைய பழைய நிறம் திரும்பும். சோலரைஸ், மொசைக், பழைய திரைப்படம் போன்ற மற்ற எஃபெக்டுகள் எல்லாம் செபியாவின் கதைதான். இனி இயல்பான நிறத்தில் எடுத்துவிட்டு, கணினியில் நகல் ஒன்றுக்கு செபியா பூசிக்கொள்ளுங்கள். சில கேம்கார்டர்களில் ஓட்டிப் பார்க்கும்போதும் எஃபெக்ட் போடலாம். அது திரையில் தெரிவதோடு சரி, மூலப் பதிவு கெடாது.

கேமராவுக்குள்ளேயே செய்வதில் நான் ஆதரிப்பது ஃபேடர் ஒன்றைத்தான். பதிவைத் தொடங்குமுன் அதை அழுத்தி, திரையில் குறி மினுக்கத் தொடங்கியதும் பதிவுப் பொத்தானை அழுத்தினால் கறுப்பிலிருந்தோ வெள்ளையிலிருந்தோ காட்சி மெல்ல எழும். பெரும்பாலான கேமராக்களில் ஒலியும் கூடவே எழும். முடிக்கும்போது, பதிவு ஓடிக்கொண்டிருக்கையிலேயே ஃபேடரை அழுத்திவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். கெட்டாலும் ஓரிரு நொடிதான் கெடும்.

கேள்வி: ஸ்லோ ஷட்டரைத் தேர்ந்தெடுத்ததும் மெனுவில் சில வசதிகள் மங்கிப்போய்த் தேர்வாக மறுக்கின்றன. பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஸ்லோ ஷட்டர் ஷட்டர் வேகத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்வதால், அதே வேகத்தை ஆளும் வேறு முறைகளைக் கேமரா பூட்டிவிடுகிறது. ஸ்லோ ஷட்டரை அணைத்தால் அவை திரும்பிவிடும். 1/6 நொடியில் வைத்தால் 1/50-ஐவிட ஏறத்தாழ எட்டு மடங்கு ஒளி கிடைக்கும், ஆனால் ஒரே படம் சுமார் நான்கு ஃபிரேம்களுக்கு அப்படியே நிற்பதால் நடப்பவர் பின்னால் ஓர் ஆவி போல இழுபடுவார். அசையாத இரவுக் காட்சிக்கு அதை வைத்துக்கொண்டு, முக்காலியில் கேமராவைப் பொருத்தி, இருட்டில் தடுமாறும் ஆட்டோ ஃபோக்கஸையும் அணைத்துவிடுங்கள்.