மோசின் நாகாந்த்: எண்ணெய் போட்டும் மறுநாளே துரு

பழைய சோவியத் ராணுவத் தோட்டா சுட்டபின் மோசின் நாகாந்த் ரைபிளுக்கு எண்ணெய் போட்டும் மறுநாளே குழலில் துரு வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீரால் கழுவுங்கள். வெறும் எண்ணெய் விட்டுத் துடைத்ததால்தான் உங்கள் 91/30 (மோசின் நாகாந்தின் ஒரு மாடல்) குழலில் மறுநாளே துரு வந்திருக்கும்.

பழைய சோவியத் ராணுவத் தோட்டாக்களின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி) பொட்டாசியம் குளோரேட் உண்டு. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு உப்பாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது. மோசின் குழலுக்குள் குரோம் பூச்சும் கிடையாது.

ரைபிள் காலி என்று உறுதிசெய்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் பகுதி) கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் பின்பகுதி) பக்கமிருந்து கொதிநீர் ஊற்றுங்கள். சூட்டில் குழல் சீக்கிரம் காயும். உலர்ந்த துணி, அப்புறம் எண்ணெய். போல்ட் முகப்பையும் கழுவுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

மறுநாள் வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் உப்பு மிச்சமிருக்கலாம், மறுபடி கழுவுங்கள்.

ஏற்கெனவே அரித்த குழிகள் மட்டும் இதனால் மறையாது.