"ஒரு வருஷம்தானே" என்று எனக்கும் சொன்னார்கள்

அன்புள்ள அம்மா,

மகனை மூன்றாவது முறையாக நீட் எழுத வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில், போகிற போக்கில், "ராத்திரி தூங்குவதே இல்லை, சாப்பாட்டையும் ரூமுக்கே எடுத்துப் போகிறான்" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் கண்ணில் நிற்கிறது.

நான் பிளஸ் டூ முடித்தது 2002ல். அன்று மருத்துவ கட்-ஆஃப் 300க்கு. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. கொஞ்சத்தில் சீட் போனது. மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ளும் இம்ப்ரூவ்மென்ட் வசதி அப்போது இருந்தது. சித்தப்பா வந்தார். "ஒரு வருஷம்தானேடா, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்றார்.

அவருக்கு ஓடிவிட்டது. எனக்கு நகரவே இல்லை. கூடப் படித்தவர்கள் தீபாவளிக்கு ஹாஸ்டலிலிருந்து வந்தபோது மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. "இப்ப என்ன பண்றே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே! நவம்பர் வாக்கில் புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிசைந்தது.

அப்போதுதான் ஒருநாள் சந்தையில் என் இயற்பியல் வாத்தியாரைப் பார்த்தேன். கையில் கத்திரிக்காய்ப் பை. படிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. "எத்தனை மணிக்குப்பா தூங்குறே?" என்றார். நான் முழித்தேன். "சரி, எழுது. ஆனா எந்தத் தேதியோட நிறுத்துவேன்னு இன்னைக்கே எழுதி வை. மறுநாள் எந்தக் காலேஜுக்குப் போய் அப்ளிகேஷன் வாங்குவேன்னும் எழுதி வை."

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அன்று இரவு தூங்கினேன். அதுவரை 'கிடைக்காவிட்டால்' என்பது ஒரு பூதமாக இருந்தது. எழுதிய பிறகு அது ஒரு காலேஜ் பெயர், ஒரு பஸ் நம்பர், அவ்வளவுதான்.

சீட் கிடைக்கவில்லை. எழுதி வைத்தபடி விலங்கியல் சேர்ந்தேன், அப்புறம் உளவியல். சித்தப்பா மேல் எனக்குக் கோபமில்லை. சொன்னால் வெட்கம்தான், இந்த ஆலோசகர் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணிடம் நானே "ஒரு வருஷம்தானேம்மா" என்றிருக்கிறேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் யாருடைய வசனத்தைப் பேசுகிறேன் என்று உறைத்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சிக்கலே அதுதான், நிறுத்தும் தேதியை வீடுதான் போட வேண்டியிருக்கிறது. முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் 720ல் எவ்வளவு கூடியது என்று பாருங்கள். நன்றாகக் கூடியிருந்தால்கூட, தூங்காத பையனை இன்னொரு வருஷம் அதே அறையில் உட்காரவைக்க நான் சொல்லமாட்டேன். முதலில் தூக்கம், மற்றது அப்புறம். அவன் ஒப்புக்கொண்டால் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

கடைசிப் பக்கத்தில் எழுத அவனுக்கு நிறைய இருக்கிறது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். எல்லாவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண் போதும். கால்நடைக்கு மட்டும் போட்டி கடுமை. சித்தாவுக்கு நீட் வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னால் நம்பாதீர்கள், வேண்டும். விண்ணப்பங்கள் தனித்தனி, நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் சிலவற்றுக்குக் கடைசித் தேதி தாண்டிவிடும். பணம் கட்டிச் சேரும் கோச்சிங்குக்கு முன்னால் இந்தப் படிவங்களைப் போட்டுவிடுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அவன் கையால் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது சித்தப்பா வேலையாகிவிடும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அழைத்து வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவனோடு தனியாகப் பேசுகிறேன். நீங்கள் வெளியே உட்காருங்கள், எதிர்க்கடையில் டீ நன்றாக இருக்கும். அதுவரை வீட்டில் மதிப்பெண் பேச்சு வேண்டாம்.