வெங்காய வேரும் ஒன்பது மணியும்

ஐயா,
மஞ்சக்குப்பத்தில் பள்ளி ஆசிரியை நான். பிளஸ் டூ பிள்ளைகள் காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும் வெங்காய வேர்நுனி எடுத்து ஸ்லைடு போட்டார்கள். காலையில்தான் பிரியும் செல்கள் அதிகம். 'செல் பிரிதலை உயிர்க்கடிகாரமே நடத்துகிறது' என்று கண்காட்சியில் எழுதலாமா? சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் என் தம்பி புற்றுநோய்க்குப் பயப்பட வேண்டுமா?
– வாசகி, கடலூர்

அன்புள்ள டீச்சர்,

தம்பியை வெங்காயத்தைக் காட்டி மிரட்டாதீர்கள். இரவு வேலை புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இலும் அதையே சொன்னது. மனிதர்களிடம் கிடைத்த சான்று குறைவுதான். அவ்வளவே.

கண்காட்சியில் அந்த வாக்கியத்தை எழுதக் கூடாது. ராத்திரி ஒன்பது வரை விழித்திருந்த பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அவர்கள் கையில் இப்படியொரு வாக்கியத்தைக் கொடுத்த உங்கள் மேல்தான் கோபம்.

உயிர்க்கடிகாரம் என்பது உயிருக்குள்ளேயே ஏறக்குறைய 24 மணிக்கொரு சுற்று ஓடும் ஏற்பாடு. நடத்துவது வேறு, வழிவிடுவது வேறு. 2003-இல் ஜப்பானில் எலிகளின் ஈரலில் ஒரு பகுதியை வெவ்வேறு வேளைகளில் வெட்டிப் பார்த்தார்கள். மிச்ச ஈரல் மறுபடி வளரும்போது, எப்போது வெட்டியிருந்தாலும், வெட்டியதிலிருந்து டி.என்.ஏ. நகலாகும் வரை ஆன நேரம் மாறவில்லை. பிரிதல் மட்டும் நாளின் குறிப்பிட்ட வேளைக்குக் காத்திருந்தது. கடிகாரப் புரதங்களுக்குக் கட்டுப்பட்ட வீ1 என்ற நொதி கடைசிப் படியில் தாழ்ப்பாள் போடுகிறது. செடியின் கடிகார மரபணுக்களே வேறு, எலியை வெங்காயத்துக்குச் சாட்சி கூப்பிட முடியாது.

உங்கள் சோதனையின் ஓட்டை, வெப்பம். கடலூர் வெயிலில் லேபின் பகல் சூடும் இரவுச் சூடும் ஒன்றா? சூடு மாறினால் செல் சுற்றின், அதாவது ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிரியும் சுற்றின், வேகமும் மாறும். கடிகாரமோ சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய 24 மணியிலேயே நிற்கும். இரண்டே ஸ்லைடில் சூட்டின் வேலையையும் கடிகாரத்தின் வேலையையும் எப்படிப் பிரிப்பீர்கள்? இன்னொன்று: எண்ணிக்கை கூடினால் வேகமாகப் பிரிகிறது என்று பொருளில்லை. பாதியில் தேங்கி நின்றாலும் கூடும்.

திரும்பச் செய்யுங்கள். ஒரே இருட்டுப் பெட்டி, ஒரே வெப்பம், உள்ளே தெர்மாமீட்டர். 4 மணிக்கொரு முறை, 48 மணி நேரம். ஒவ்வொரு வேளைக்கும் வெவ்வேறு வெங்காயங்களிலிருந்து 5 வேர்கள். நுனி 2 மி.மீ. போதும், மேலே போனால் பிரியும் செல்லே இருக்காது. வெட்டியவுடன் மூன்று பங்கு எத்தனால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலத்தில் 24 மணி ஊறட்டும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் வையுங்கள். ராத்திரி வேலை வெட்டுவதோடு முடியும், பிள்ளைகள் தூங்கப் போகலாம். அசிட்டோகார்மைன் சாயமும் நசுக்கலும் பகலில் ஆறஅமர நடக்கட்டும். வேருக்கு 1000 செல்லாவது எண்ண வேண்டும். ஸ்லைடின் நேரத்தை ஒட்டித்தாள் போட்டு மறைத்துவிடுங்கள்; எந்த வேளை என்று தெரிந்த பிள்ளையை எண்ண விடாதீர்கள்.