இந்தியாவில் வருமானத்தை விட்டுவிட்டு, குடும்பச் செலவை வைத்துப் பொருளாதார ஏற்றத்தாழ்வை ஏன் அளக்கிறார்கள்?

சென்னை காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குச் செல்லும் ஒருவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் வருமானம் கிடையாது. ஆனால் சேமிப்பையோ கடனையோ அரசு நிவாரணத்தையோ கொண்டு வீட்டில் அடுப்பு எரியத்தான் செய்கிறது. மே மாத வருமானத்தை மட்டும் கேட்டால் அவர் பரம ஏழை, ஜூலையில் கேட்டால் நடுத்தரம். செலவு இந்த அளவுக்கு ஏறி இறங்காது என்பதால், வாழ்க்கைத் தரத்தை அது ஓரளவு நிலையாகக் காட்டுகிறது. மேலும், மாதச் சம்பளம் இல்லாதவர்கள் மிகுந்த நாட்டில் வருமானத்தைக் கேட்டுப் பெறுவதே கடினம்.

ஆனால் இந்த அளவுகோல் ஏற்றத்தாழ்வைக் குறைத்துக் காட்டும். வசதியானவர்கள் வருமானத்தில் பெரும்பகுதியைச் சேமித்து நிலமாகவும் பங்குகளாகவும் மாற்றுகிறார்கள். அது நுகர்வுக் கணக்கில் வராது. சென்னையின் பணக்காரர்கள் வாழும் போட் கிளப் பகுதி பங்களாக்களுக்குள் கணக்கெடுப்பாளர் நுழைவதும் எளிதல்ல. மறுபுறம், மருத்துவத்துக்குக் கடன் வாங்கிச் செலவழித்த ஏழைக் குடும்பம் வசதியானதுபோல் தோன்றிவிடும்.

2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்திய நகர்ப்புறங்களின் கினி குறியீடு (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்; 0 என்றால் முழுச் சமத்துவம், 1-ஐ நெருங்க நெருங்க ஏற்றத்தாழ்வு அதிகம்) 0.284, முந்தைய ஆண்டில் 0.314. இந்த எண்ணை, வருமானத்தை வைத்துக் கணக்கிடும் நாடுகளின் கினியோடு நேரடியாக ஒப்பிட்டு, இந்தியா சமத்துவத்தில் முன்னணியில் இருப்பதாகச் சொல்வது என் பார்வையில் பிழையான வாதம்.