தூணா, சிலையா?

கேள்வி: 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையில் உயிரிழந்த எம்மூரவர்களுக்குக் கடற்கரையில் நினைவுச்சின்னம் எழுப்புவதென எங்கள் சனசமூக நிலையம் தீர்மானித்துள்ளது. உயரமான தூண் வேண்டும் என்று ஒரு சாராரும், தாயும் பிள்ளையுமாகச் சிலை வேண்டும் என்று மறு சாராரும் நிற்கின்றனர். எதனைத் தெரிவு செய்யலாம்?
– வாசகர் ஒருவர், வடமராட்சி

பதில்: அந்த விவாதத்தைச் சற்றுத் தள்ளிவைத்து, ஆண்டுதோறும் அந்நாளில் உறவினர்கள் அங்கு வந்து என்ன செய்வார்கள் என்பதை முதலில் அவர்களிடமே கேளுங்கள். விளக்கேற்றுவார்கள், பூ வைப்பார்கள், பெயரைத் தேடித் தொட்டுப் பார்ப்பார்கள், முதியவர்கள் நெடுநேரம் அமர்ந்திருப்பார்கள். இவற்றுக்கு இடமளிக்காத சின்னம், எவ்வளவு உயரமாயினும், திறப்புவிழாவுக்கு மட்டுமே உதவும். டிசெம்பரில் உங்கள் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றும் மழையும் சேர்ந்து வருவதால், விளக்கு மாடங்களைத் தென்மேற்கு நோக்கித் திறந்தவையாகவும், வழியும் எண்ணெய் எழுத்துகளில் படியாதவாறு பெயர்ப்பலகைக்குக் கீழேயும் அமைப்பது நல்லது.

பெயர்களே இச்சின்னத்தின் உயிர். வாஷிங்டனில் 1982இல் அமைந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பதவி வேறுபாடின்றி, இறந்த நாளின் வரிசையிலேயே கருங்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன; வருவோர் தாளை வைத்துத் தேய்த்துத் தம்மவர் பெயரைப் படியெடுத்துச் செல்கின்றனர். உங்கள் ஊரில் அனைவரும் ஒரே நாளில் மாண்டவர்கள் என்பதால், ஒரே குடும்பத்தவரை அருகருகே வைப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. நன்கொடையாளர் பெயர் எக்காரணங்கொண்டும் அதே கல்லில் இடம்பெறலாகாது. (நம்மூரில் இதைச் சொல்பவருக்குப் பகை நிச்சயம்.) முதலெழுத்து, எழுத்துக்கூட்டல் ஆகியவற்றைக் குடும்பத்தவர் கையொப்பமிட்டு உறுதிசெய்த பின்னரே கல்வெட்டுபவரிடம் பட்டியலைக் கொடுங்கள்; விடுபட்டவர்களைச் சேர்க்கச் சிறிது வெற்றிடமும் விடுங்கள்.

உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்; துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் தூண் உள்ளிருந்தே வெடிக்கும். கழுவாத கடல்மணலைக் கலந்தால் இது இன்னும் விரைவாக நிகழும். எனவே கம்பியே தேவைப்படாத தாழ்ந்த கருங்கல் அமைப்பு நீண்டகாலம் நிற்கும். ஒட்டிய உலோக எழுத்துகளைத் தவிர்த்து, ஆழமாகச் செதுக்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்தில் இதற்குப் பழைய முன்மாதிரியும் உண்டு. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக வீதியோரம் சுமைதாங்கிக் கல் நாட்டினர். தலைச்சுமையோடு வந்த எவரும் அதில் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறினர். மீன்பிடித்துத் திரும்புவோர் அமரக்கூடிய நிழல் திண்ணையாக உங்கள் சின்னம் இருந்தால், ஆண்டின் மற்றைய நாள்களிலும் அங்கு ஆள் நடமாட்டம் இருக்கும், கவனிப்பும் இருக்கும்.

சிலை பற்றி என் கருத்து வேறு. தாயும் பிள்ளையும் என்று வடித்துவிட்டால், தகப்பனையோ சகோதரனையோ இழந்தவர் அதில் தம் இழப்பைக் காணமாட்டார். தூணும் கட்டாயமில்லை.

கல் வாங்குமுன் காணி உரிமையைத் தெளிவாக்கிப் பிரதேச சபையிடம் விண்ணப்பியுங்கள். உயர்நீர் மட்டக்கோட்டிலிருந்து 300 மீற்றர் வரையான நிலம் கரையோர வலயமாதலால், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி பற்றியும் விசாரித்துக்கொள்ளுங்கள்.