மூன்றாவது வாரத்திலேயே மூச்சு முட்டுகிறது, ஓட்டத்தை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. பள்ளி முடித்த பிறகு ஓடியதே இல்லை. 9 வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் பயிற்சித் திட்டம் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துத் தொடங்கினேன். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி வந்தது, சமாளித்தேன். மூன்றாவது வாரத்தில் 3 நிமிடம் சேர்ந்தாற்போல் ஓடச் சொல்கிறது. இரண்டு நிமிடத்திலேயே மூச்சு முட்டி, தொண்டை காய்ந்து எரிந்து, நின்றுவிடுகிறேன். மறுநாள் கணைக்காலின் முன்பக்கம் வலிக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை எதுவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் பழகிவிடும் என்கிறார்கள். என் உடம்புக்கு ஓட்டம் ஒத்துவராதோ?

பதில்: பல்லைக் கடிக்க வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், போதும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எத்தனை விநாடி, எத்தனை நிமிடம் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு வேகமாக ஓடினீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. இது உங்கள் தவறல்ல. இந்தத் திட்டங்கள் நேரத்தைத்தான் சொல்கின்றன, வேகத்தை நம்மிடமே விட்டுவிடுகின்றன. 'ஓடு' என்றதும் நம் உடம்புக்கு ஞாபகம் வருவது பள்ளி மைதானத்து 100 மீட்டர் பந்தயம்தான். என்னிடம் வருபவர்களைக் கொஞ்ச தூரம் ஓடிக்காட்டச் சொல்வேன். விசில் ஊதியது போலக் கிளம்புவார்கள். முஷ்டி இறுகியிருக்கும், தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருக்கும், கால் உடம்புக்கு வெகு முன்னால் போய்க் குதிகாலில் விழும். முதல் அரை நிமிடம் எந்தச் சிரமமும் தெரியாது. ஆளை ஏமாற்றுவதே அந்த அரை நிமிடம்தான்.

காலைத் தூக்கி ஓடிய நொடியிலேயே தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை பல மடங்கு ஏறிவிடுகிறது. இதயமும் நுரையீரலும் அந்தத் தேவையை எட்டிப்பிடிக்க 2, 3 நிமிடம் ஆகும். அதுவரை தசை தன் கையிருப்பைச் செலவழித்து ஓடுகிறது. மெதுவாகக் கிளம்பினால் இந்தக் கடன் சிறியது, எளிதில் அடைந்துவிடும். வேகமாகக் கிளம்பினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, அதைச் சரிக்கட்ட உடம்பு மூச்சை விரட்டுகிறது. முதல் வாரத்தில் கடன் வசூலுக்கு வருவதற்குள் 60 விநாடி முடிந்து நடை வந்துவிட்டது. அதனால்தான் சமாளித்தீர்கள். இப்போது அதே வேகத்தில் 3 நிமிடம் கேட்கிறீர்கள். உடம்பு ஒத்துவராததால் வந்த மூச்சிரைப்பு இல்லை இது.

ஆனால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வாய் வழியாக வேகமாக மூச்சு விடும்போது தொண்டை காய்ந்து எரிவது சகஜம். நடு நெஞ்சில் அழுத்தம் அல்லது இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், மயக்கம் வருவது போன்ற உணர்வு இவற்றில் எது இருந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். நின்றதும் சரியாகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், அடுத்த ஓட்டத்துக்கு முன்பே ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சரி, எவ்வளவு மெதுவாக? 5 நிமிடம் வேக நடை. அப்புறம் ஓடத் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும், கதவு எண்ணிலிருந்து ஊர்ப்பெயர் வரை உங்கள் வீட்டு முகவரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நடுவில் மூச்சு வாங்காமல் வந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை வெட்டினால் இன்னும் குறையுங்கள். எட்டு சின்னதாகட்டும், கால் உடம்புக்கு அடியிலேயே விழட்டும். பக்கத்தில் நடந்து போகிறவர் உங்களைத் தாண்டிப் போகலாம், போகட்டும். இது ஓட்டமே இல்லையே என்று தோன்றும் வேகம்தான் உங்களுக்கு இப்போதைய வேகம்.

கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நான் அவ்வளவு நம்புவதில்லை. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் உங்கள் உச்சத் துடிப்பு 179 என்று வரும். அது சராசரிதான், தனி மனிதருக்கு 10, 12 துடிப்பு கூடலாம், குறையலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பையே ஏற விடாது. பேச்சு அப்படி ஏமாற்றாது.

அடுத்த முறை இரண்டாவது வாரத்துப் பயிற்சிக்கே திரும்புங்கள். 90 விநாடி ஓட்டத்தை முகவரி சொல்லும் வேகத்தில் முடித்து, இன்னொரு சுற்று ஓடலாம் என்று தோன்றும் நிலையில் வீட்டுக்கு வாருங்கள். அப்படி மூன்று நாள் வந்தால் 3 நிமிடத்துக்குப் போகலாம். 9 வாரத் திட்டம் 14 வாரம் ஆனால் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும் ஓடுங்கள்.

இனி கால் வலி. எனக்கு உங்கள் மூச்சைவிட இதில்தான் கவலை. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு எட்டிலும் உடல் எடையைப் போல 2 மடங்குக்கும் மேலான விசை காலில் இறங்குகிறது. அதற்கு ஈடுகொடுக்க எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது முதலில் பழையதை அரித்தெடுக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. நடுவில் சில வாரங்கள் அது முன்பைவிட மெலிந்தே இருக்கும். மூச்சு லேசாகிவிட்டது என்று அந்த நேரத்தில் வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் எலும்பில் கீறல் விழுகிறது.

இன்று இரவு உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உள்பக்க விளிம்பில் கட்டைவிரலை வைத்து, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் புது உழைப்பில் வரும் வலி. சில நாள் ஓட்டத்தை நிறுத்தி நடந்தால் தணியும். ஒரே புள்ளியில், நாணய அளவில், சுருக்கென்று வலித்தாலோ, நடக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் வலி இருந்தாலோ ஓட்டத்தை அறவே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கீறல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினாலும், அதே புள்ளியில் வலி இருக்கும்வரை ஓடாதீர்கள். மறுபடி போய், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.