கூல்ட் படத்தில் அந்தரங்கம் எங்கே?

கேள்வி: பியானோ கலைஞர் கிளென் கூல்டைப் பற்றிக் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1959-ல் எடுத்த 'ஆஃப் த ரெக்கார்ட்', 'ஆன் த ரெக்கார்ட்' இரண்டையும் பார்த்தேன். அந்தரங்கமான சித்திரம் என்று ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். எனக்கோ காமெரா இருப்பது தெரிந்து ஒருவர் நடிப்பதாகத்தான் பட்டது. காதல் இல்லை, குடும்பம் இல்லை, அவர் உடம்புக்கு என்ன என்றுகூட இல்லை. இதில் அந்தரங்கம் எங்கே?
- வாசகர், கோவை

பதில்: காதல்தான் வேண்டும் என்றால் ஐம்பது வருடம் தள்ளிப் போங்கள். மிஷேல் ஹோசரும் பீட்டர் ரேமான்ட்டும் 2009-ல் எடுத்த படத்தில் ஓவியர் கார்னீலியா ஃபாஸ், கூல்டுக்காகக் குழந்தைகளோடு டொராண்டோவுக்குக் குடிபோன கதையைத் தாமே சொல்கிறார். குடும்பம் வேண்டும் என்றால் இன்னொரு பியானோ கலைஞரான மார்த்தா ஆர்ஹெரிச்சை அவர் மகள் ஸ்டெஃபனி எடுத்த 2012 படம் இருக்கிறது. இரண்டுமே நல்ல படங்கள். ஆனால் ஒரு பியானோக்காரர் தன் அறையில் தனியாக என்ன செய்கிறார் என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் குறை சொல்லும் அந்த இரண்டு அரைமணிப் படங்களுக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

நடிப்பு என்கிறீர்கள். பாதி சரி. இயக்குநர்கள் வுல்ஃப் கேனிக், ரோமன் க்ராய்ட்டர் இருவரும் மறைந்திருந்து படம் பிடிக்கவில்லை. அந்தக் காலக் கருவிகளோடு அது முடியவும் முடியாது. படத்தோடு ஒலியும் ஒட்ட வேண்டும் என்றால் காமெராவின் கரகரப்பை அடக்க உறை போட வேண்டும், விளக்கு கட்ட வேண்டும், மைக் வைக்க வேண்டும். 16 மி.மீ. ஃபிலிமில் நானூறு அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நூறு அடிச் சுருள் என்றால் மூன்று நிமிடம்கூட வராது. ரஷ்யப் பியானோ கலைஞர் ரிக்டர் வாசிக்கும் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவில் (பல பகுதிகள் கொண்ட தனிவாசிப்புப் படைப்பு) முதல் பகுதி மட்டுமே இருபத்து நான்கு நிமிடத்தைத் தொடுகிறது. அதை ஒரே ஓட்டத்தில் எடுக்க நினைத்தால் இரண்டு காமெராக்களை ஒன்று மாற்றி ஒன்று ஓட்டியாக வேண்டும். ஆகவே எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் 1959-ல் யாரும் எதையும் எடுத்திருக்க முடியாது. கூல்டுக்கும் அது தெரியும். அவருக்குக் காமெரா பிடிக்கும் என்பதும் ஊரறிந்தது.

ஆனால் சிம்கோ ஏரிக்கரை வீட்டில் அவர் பாக்கின் இரண்டாம் பார்ட்டீட்டாவை (நடன வடிவத் துண்டுகளின் தொகுப்பு) வாசித்துப் பழகும் இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். சிக்கரிங் கம்பெனியின் பழைய பியானோ. வாசித்துக்கொண்டே பாடுகிறார். திடீரென்று எழுந்து ஜன்னல் பக்கம் நடக்கிறார். கை நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை; வரி தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. திரும்பி வந்து உட்கார்ந்து பியானோக் கட்டைகளில் விட்ட வரியைப் பிடித்துக்கொள்கிறார். கட்டையில் செய்வதைவிடத் தலைக்குள் செய்யும் வேலைதான் அவருக்குப் பிரதானம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? நடக்கும்போது காமெரா பார்க்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தால் என்ன? நடையை நடிக்கலாம். விட்ட இடம் எது, பின்னிப் போகும் இசை இழைகளில் எந்தக் குரல் எங்கே நுழைகிறது என்பதை அந்த வேகத்தில் நடிக்க முடியாது.

அடுத்தது நாற்காலி. இதைக் கிறுக்குத்தனத்தின் சின்னமாக எல்லாரும் எழுதுகிறார்கள், படமெடுப்பவருக்கு அது செய்த உபகாரத்தை யாரும் சொல்வதில்லை. கூல்டின் அப்பா ஒரு மடக்கு நாற்காலியின் கால்களை நான்கு அங்குலம் போல அறுத்து, உயரத்தைத் திருகிச் சரிசெய்ய ஒவ்வொரு காலிலும் திருகாணி பொருத்திக் கொடுத்தார். உட்காரும் பலகை தரையிலிருந்து பதினான்கு அங்குலம்தான். வழக்கமான பியானோ பெஞ்ச் பத்தொன்பது, இருபது அங்குலம் இருக்கும். அதில் நிமிர்ந்து உட்காரும் கலைஞரைப் படமெடுத்தால் முகத்துக்கும் விரலுக்கும் நடுவில் அவர் போட்டிருக்கும் கோட்டுதான் பெரிதாகத் தெரியும். முகத்தைப் பிடித்தால் கை போச்சு, கையைப் பிடித்தால் முகம் போச்சு. கூல்டுக்கு முழங்கை கட்டைக்குக் கீழே, மூக்கு கட்டைக்கு மேலே. ஒரே நெருக்கக் காட்சியில் கண், உதடு, பத்து விரல் எல்லாம் அடங்கிவிடும். வெட்டி ஒட்ட வேண்டிய அவசியமே பாதி குறைகிறது.

வெட்டி ஒட்டுவதுதான் இந்த வகைப் படங்களின் தீராத தலைவலி. கணக்குப் போட்டுப் பாருங்கள். தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமில் 120 (நிமிடத்துக்கு 120 அடி) என்றால் ஒரு அடிக்கு அரை விநாடி, அதாவது விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிலிமில் ஒரு தனிப் படம்) ஓடும்போது பன்னிரண்டு சட்டகம். அந்த அடியை நான்காகப் பிரித்து ஓடும் சுரம் ஒவ்வொன்றுக்கும் மூன்றே சட்டகம். கை ஒரு டேக்கிலும் (ஒரு தடவை வாசித்து எடுத்த பதிவு) ஒலி வேறொரு டேக்கிலும் இருந்து, மூன்று சட்டகம் பிசகினால், திரையில் அடுத்த விரல் அடிக்க இந்தச் சுரம் கேட்கும். வாசிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். அதனால் விவரமான எடிட்டர் ஓட்டத்தின் நடுவே வெட்டவே மாட்டார். வரி முடிந்து மூச்சு விடும் இடத்திலோ கை தூக்கும் இடத்திலோதான் வெட்டுவார். மறுபடி அதே வேகத்தில் வாசித்தால் பொருந்திவிடுமே என்பீர்கள். இரண்டு டேக்குகளை ஒரே மாதிரி வாசிப்பதில் கூல்டுக்கு ஆர்வம் இருந்ததே இல்லை.

நியூயார்க்கில் முப்பதாம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டூடியோவில், பாக்கின் இத்தாலியன் கான்செர்டோ பதிவாகும் இரண்டாவது படத்தை இதை மனத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே காமெரா விருந்தாளி. பதிவு இசைத்தட்டுக்காக, காமெரா உறுமினால் டேக் வீண். மைக்கை நெருக்கி வைத்தால் அவர் முனகலும் நாற்காலிக் கிறீச்சும் ஏறும், விலக்கினால் கூடத்தின் முழக்கம் ஏறும். போதாக்குறைக்கு விளக்குச் சூடு வேறு: கம்பி சூடேறி நீண்டால் சுருதி இறங்கும், மேல்ஸ்தாயியில் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பி, மூன்றும் ஒரே அளவு இறங்காது. விளக்கை அரைமணி எரியவிட்டு, எரியும்போதே சுருதி சேர்ப்பதுதான் பரிகாரம். (வெயிலிலும் கோட்டும் கையுறையுமாகத் திரிந்தவர் என்பதால் சூட்டைப் பற்றிப் புகார் சொல்லாத ஒரே ஆள் கூல்டாகத்தான் இருந்திருப்பார்.) இவ்வளவு இடைஞ்சலுக்கு நடுவில், வாசித்ததைத் தானே திரும்பக் கேட்கும் ஒரு மனிதரின் முகத்தைப் பிடித்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியிலிருந்து வருவது வேறு யாரோ வாசித்தது போலக் கேட்கிறார், தலையசைக்கிறார், கை தானாகத் தாளம் நடத்துகிறது. படுக்கையறையைக் காட்டியிருந்தால் இது கிடைத்திருக்குமா?

உடல்நலம் பற்றிய குறை நியாயமானது. அந்தப் பேச்சிலிருந்து அவர் தப்பித்துவிடுகிறார், இயக்குநர்களும் விட்டுவிடுகிறார்கள். அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. 1964-ல் மேடையை விட்டு விலகுவார் என்பதற்கான அறிகுறிகளைப் படத்தில் தேடுகிறவர்கள் தேடட்டும், நான் தேடுவதில்லை.

கடைசியாக ஒன்று: நீங்கள் பார்த்தது எந்தப் பிரதி? ஐரோப்பியத் தொலைக்காட்சி வழி வந்த பிரதி என்றால், விநாடிக்கு 24 சட்டகப் படத்தை 25-ல் ஓட்டியிருப்பார்கள். நூற்றுக்கு நான்கு வேகம் கூடும். விநாடிக்கு 440 அதிர்வில் இருக்க வேண்டிய சுரம் 458-க்குப் போய்விடும், அதாவது அரைச்சுரத்தில் முக்கால் பங்கு. நடையும் பேச்சும் சிரிப்பும் ஒரு பிடி படபடப்பாகும். நடிப்பு மாதிரித் தோன்றியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். சோதிக்க வழி சுலபம். இத்தாலியன் கான்செர்டோ எஃப் மேஜர், அதாவது எஃப் என்ற சுரத்தை ஆதாரமாகக் கொண்டது; எஃப் ஷார்ப் அதற்கு அரைச்சுரம் மேலே. கைப்பேசியில் சுருதி காட்டும் ட்யூனர் செயலியைப் போட்டு, அது முடியும் சுரம் எஃப் ஷார்ப்பை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள். யூடியூபில் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள், தாளம்தான் தளரும், சுருதி இறங்காது. வாரியத்தின் சொந்த இணையதளத்தில் போய்ப் பாருங்கள்.